நீலப்பூத் தேத்தண்ணியும் சீனிக் கணக்கும்

கொக்டெயில் என்ற சொல்லை எங்கட வீடுகளில சத்தமாச் சொல்ல ஏலாது. உம்மா உடனே திரும்பிப் பார்ப்பா. அந்தச் சொல்லுக்குள்ள குடி இருக்கு, அவவில பிழையில்லை. மதுபானம் இல்லாமல் கலக்கிறதுக்கு 'மொக்டெயில்' என்று பேர் இருக்கு. ஆனா புல்மோட்டையில ஒரு வேலியோரம் நின்று பூப்பறிக்கிற எங்களுக்கு அதுவும் கொஞ்சம் ஓவர். நாங்கள் பூத்தேத்தண்ணி என்றே சொல்றம்.

கச்சான் காத்து தொடங்கினா இங்க தாகம் அடங்காது. இல்மனைட் கலந்த கறுப்பு மண்ணில பகல் நேரம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்த வெயிலுக்குள்ளால வீட்டுக்கு வாற ஆளுக்கு நாங்கள் நீட்டுறது என்ன? சிவப்புச் சர்பத், கடைச் சோடா, இல்லாட்டி தித்திக்கத் தித்திக்கத் தேத்தண்ணி. சீனி குறைஞ்சா கஞ்சத்தனம் என்று நினைப்பாங்களாம். அன்பை நாங்கள் கரண்டிக் கணக்கில அளக்கிற ஆக்கள். அதே மேசையில சீனி வருத்தம் உள்ள வாப்பாவோ பெரியம்மாவோ "எனக்குப் பச்சைத் தண்ணி போதும்" என்று ஒதுங்கி இருப்பாங்க. கல்யாண வீட்டிலயும் அப்படித்தான், நோன்பு திறக்கிற நேரத்திலயும் அப்படித்தான். எல்லாரும் ஒரே குடத்தில குடிக்கேக்க ஒருத்தர் மட்டும் தனியா இருக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால முடியல்ல. பூவில வந்து நின்றதுக்குக் காரணம் அதுதான்.

ஒருநாள் கணக்குப் போட்டம். 200 மில்லிலீட்டர் கிளாஸ் ஒன்றுக்குக் குவிச்சு அஞ்சு தேக்கரண்டி சீனி என்றால் கிட்டத்தட்ட 25 கிராம். உலக சுகாதார அமைப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நல்லது என்று சொல்ற அளவே அவ்வளவுதான். இலங்கையில 2016இல இருந்து மென்பானப் போத்தல்களில சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறக்குறி போடுறாங்க இல்லையா? 100 மில்லிலீட்டருக்குள் 11 கிராமுக்கு மேல சீனி இருந்தால் சிவப்பு. எங்கட வீட்டுச் சர்பத் 12.5. கடைப் போத்தலைத் திட்டிக்கொண்டு அதைவிட மோசமானதை நாங்களே கரைக்கிறம்.

சீனியைக் குறைச்சா அந்த இடத்தில எதையாவது வைக்க வேணும், இல்லாட்டி ஆக்கள் குடிக்கமாட்டாங்க. நாங்கள் வைக்கிறது வாசம். பின்னேரம் குண்டுமல்லி மொட்டைப் பறிச்சு, தேயிலையோட ஒரு டின்னில போட்டு மூடி வைப்பம். மொட்டு இரவில விரியேக்க தேயிலை அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும். சீனாவில மல்லிகைத் தேயிலை செய்றதும் இந்த முறையிலதான், அங்க பல இரவு திருப்பித் திருப்பிச் செய்வாங்க. எங்களுக்கு ஒரு இரவு போதும். காலையில பூவைப் பொறுக்கி எறிஞ்சிட்டு, ஒரு லீட்டர் குளிர்ந்த தண்ணிக்கு ரெண்டு மட்டமான தேக்கரண்டி இலை போட்டு பிரிட்ஜில வைக்கிறம். அஸருக்குப் பிறகு வடிச்சா சரி. கொதிக்க வச்ச சாயத்தைக் குளிரவிட்டா கலங்கிப் போகும், கசப்பும் ஏறும். குளிர்ந்த தண்ணியில ஊறினது தெளிவா இருக்கும்.

நீலம் சங்குப்பூவில இருந்து. இருபது பூ எடுத்து, பச்சைக் காம்பைக் கிள்ளிட்டு, ஒரு கப் சுடுதண்ணியில அஞ்சு நிமிசம் வச்சு வடிச்சு, ஐஸ் தட்டில ஊத்தி உறையவிடுங்க. உண்மையைச் சொன்னா இந்தப் பூவுக்குப் பெரிய ருசி ஒன்றும் இல்லை. அதின்ட வேலை கண்ணுக்கு. கிளாஸில நீல ஐஸைப் போட்டு, வெளிறின தேத்தண்ணியை ஊத்தி, அரைத் தேசிக்காய் பிழிஞ்சா, ஐஸ் கரையக் கரைய நீலம் ஊதாவாகி, பிறகு ரோஸ் பக்கம் திரும்பும். பூவில இருக்கிற அந்தோசயனின் புளிப்புப் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான் மந்திரம். சாயம் கடுத்திருந்தா இந்த அழகு கிடைக்காது, எல்லாம் மண்ணிறமாகிடும். ஊறவச்ச கசகசா ஒரு கரண்டி, நசுக்கின இஞ்சி கொஞ்சம், ஒரு கிள்ளு உப்பு. உப்பு கசப்பை அமத்தும்.

இதே பூவைத் தாய்லாந்தில தேசிப்புளியோட குடிக்கிறாங்க, கிளந்தானில சோத்துக்கு நிறமேத்துறாங்க. கனடாவில ஒரு ஜின்னுக்கு ஊதா நிறம் வாறதும் இதாலதான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல இதை உணவு நிறமாக அங்கீகரிச்சுது. எங்கட பக்கத்தில கம்பி வேலி போய் மதில் வரேக்க முதல்ல வெட்டி எறியிறது இந்தக் கொடியைத்தான். ஆவாரையும் அப்படித்தான், ரோட்டோரம் மஞ்சளாப் பூத்து நிக்கும், ஆரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. சிங்கள ஆக்கள் அதைக் காயவச்சு ரணவரா என்று குடிக்கிறாங்க. 2022இல பால்மா கிடைக்காமல் ஊரே வெறும் தேத்தண்ணிக்கு இறங்கின நேரத்தில எங்களுக்கும் அந்த ஞாபகம் வந்திருக்கலாம்.

ரெண்டு விசயம் கவனம். சங்குப்பூவில இதழ் மட்டும்தான், வேரும் விதையும் வயித்தாலை போக வைக்கும். மருந்து தெளிச்ச பூவும் பூக்கடைப் பூவும் வேண்டாம். இதைக் குடிச்சா சீனி வருத்தம் குறையும் என்று வட்ஸ்அப்பில வாற கதையையும் நம்பாதீங்க. இது மருந்தில்லை. குளிசை எடுக்கிற ஆக்கள் அதை நிப்பாட்டக் கூடாது. கர்ப்பிணிகள் டொக்டரிட்டக் கேட்டுட்டுக் குடிக்கிறது நல்லது.

சீனியை நாங்கள் தடை செய்யல்ல. குடத்துக்குள்ள போடுறதில்லை, அவ்வளவுதான். சீனிப் போத்தலும் கரண்டியும் மேசையில தனியா இருக்கும், வேண்டியவங்க அவங்கட கிளாஸில போட்டுக் கலக்கலாம். போன நோன்பில சில பேர் ரெண்டு கரண்டி போட்டாங்க, சில பேர் தொடவே இல்லை. வாப்பாமாருக்கும் அதே குடம், அதே நீல ஐஸ். ஐஸ்தான் எப்பவும் காணாமப் போகுது, சின்னப் பிள்ளைகள் மஃரிப் பாங்குக்கு முதலே தட்டைத் திறந்து ஒவ்வொன்றா வாயில போட்டுடுதுகள்.