40 கொண்டை ஊசி வளைவுகள்... பழைய காருக்கு வால்பாறைச் சாலை வைக்கும் பரீட்சை!

பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமமான சாலை. அணையையும் குரங்கு அருவியையும் தாண்டியதும் மலை ஆரம்பம். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பின் சீட்டில் இருக்கும் குழந்தைகள் எண்ணிக்கொண்டே வர, சுமார் 3,500 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள் வந்துவிடும்.

புது காரில் போகிறவர்களுக்கு இது அழகான சாலை. பழைய காரில் போகிறவர்களுக்கு அழகோடு ஒரு மருத்துவப் பரிசோதனையும் சேர்ந்தே நடக்கும். டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைப் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி!

எங்கள் பெரியப்பாவின் காருக்கு வயது 25. தாத்தா வாங்கிய கார் என்பதால் வீட்டில் யாருக்கும் விற்க மனம் வரவில்லை. போன மாதம் பெரியப்பா ஓட்ட, பெரியம்மாவும் பாட்டியும் பின்னால் உட்கார, வால்பாறைக்குக் கிளம்பினோம்.

சமவெளியில் சாது!

பொள்ளாச்சி தாண்டி 60, 70 வேகத்தில் போனபோது டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நின்றது. ஆழியாறில் இறங்கி, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு ஏறினோம். முதல் சில வளைவுகளும் பிரச்னை இல்லை. பிறகு, மரம் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். ஏ.சி-யும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது வளைவில்தான் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை நீலத் தட்டு மாதிரி தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறைகளில் வரையாடுகளையும் பார்க்கலாம். அந்த வளைவை நெருங்கும்போது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட் ஓரத்தில் இருந்து ஆவி கிளம்பியது. பெரியப்பா ஏ.சி-யை அணைத்து, அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தினார். இறங்கியதும் முதல் வேலையாக, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தார்.

குக்கர் மூடி ஞாபகம் இருக்கட்டும்

தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடி பக்கம் போன என்னைப் பாட்டிதான் தடுத்தார். "விசில் அடங்காம குக்கரைத் தொறப்பியா கண்ணு?"

விஷயம் அதேதான். சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வால்பாறை உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிக் கொதிக்காமல் இருக்கத்தான் கூலன்ட்டை மூடிக்குள் அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தம் போய், உள்ளே இருப்பது சட்டென்று கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. இரும்பும் அலுமினியமும் திடீரெனச் சுருங்கினால் விரிசல் விடலாம்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். குரங்குகள் வந்து பானட்டைப் பார்த்துவிட்டுப் போயின. மேல் ஹோஸ் கைக்குச் சூடு இல்லாமல் ஆன பிறகு, துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார் பெரியப்பா. ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர் பிடித்தது. காருக்கு அடியில் சொட்டு விழவில்லை. ஹோஸ்களில் ஈரமும் இல்லை.

மேலே போவதா, கீழே இறங்குவதா?

பெரியப்பாவுக்கு மேலே போக ஆசை. "ஆறிருச்சு, ஸ்டார்ட் ஆகுது. மெதுவா போயிரலாம்." அங்கே டீ குடிக்க நிறுத்தியிருந்த லாரி டிரைவர் ஒருவர் ஒரே வரியில் முடித்தார். "ஏனுங்ணா, இன்னும் முப்பது வளைவு இருக்குதுங்க. என்ன கோளாறுன்னு தெரியாம ஏத்தாதீங்க."

அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. ஆறியதும் ஸ்டார்ட் ஆவது, கோளாறு போய்விட்டதற்கு அடையாளம் இல்லை. இரண்டாவது முறை கொதித்தால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகலாம். அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் கருகலாம். பழைய காருக்கு அந்தச் செலவு, காரின் விலையையே தொட்டுவிடும்.

கீழே திரும்பினோம். இரண்டாவது கியரில், இன்ஜினை அணைக்காமல். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் இன்ஜினை அணைப்பவர்கள் உண்டு. அணைத்தால் பிரேக் இறுகிவிடும், ஆபத்து. இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை குறைவு என்பதால் முள் நடுவைத் தாண்டவில்லை. ஆழியாறு முதல் பொள்ளாச்சி வரையிலும் அப்படியே. கூலன்ட் குறைந்திருந்தாலோ, ஆவி நிற்காமல் வந்திருந்தாலோ இறக்கத்திலும் ஓட்டியிருக்கக் கூடாது. டோ வண்டிதான் வழி.

"எங்க சூடாச்சு?"

வழியில் ஒரு பட்டறையில் பானட்டைத் திறந்து பார்த்ததுமே, "ஹெட் போயிருச்சுங்க. இன்ஜினை இறக்கோணும். அதுக்கு வித்துரலாம்" என்றார்கள். பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. பாட்டி எதுவும் பேசவில்லை. தாத்தா மாட்டிவைத்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன், பானட்டைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார். "எங்க சூடாச்சுங்ணா? ரோட்டுல ஓடும்போதா, மெதுவா ஏறும்போதா?"

நடந்ததைச் சொன்னதும், "அப்ப முதல்ல ஃபேனைப் பார்த்துரலாம்" என்றார். அவர் போட்ட கணக்கு இதுதான்.

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஃபேன் தேவைப்படாது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போதும், டிராஃபிக்கில் நிற்கும்போதும் ஃபேன்தான் கதி. அங்கே மட்டும் சூடானால், சந்தேகம் ஃபேன் மேல்.

சமமான சாலையில், வேகமாகப் போகும்போதே சூடானால், ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று பார்க்க வேண்டும். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் கூலன்ட் சுற்றவில்லை என்று அர்த்தம். சூடாவதோடு பேட்டரி விளக்கும் எரிந்தால், பெல்ட் அறுந்திருக்கலாம். பல பழைய கார்களில் ஒரே பெல்ட்தான் இரண்டையும் ஓட்டும்.

இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். முள் ஏறியது, ஃபேன் சுற்றவில்லை. பேட்டரியில் இருந்து நேராக வயர் கொடுத்தார், சுற்றியது. ஆக, மோட்டார் நல்லா இருக்கிறது. ஃபியூஸ், ரிலே இரண்டும் சரி. ரேடியேட்டரில் இருக்கும் தெர்மோ ஸ்விட்சின் வயரைக் கழற்றி, இரண்டு முனைகளையும் இணைத்தார், ஃபேன் சுற்றியது. கோளாறு ஸ்விட்சில்! அதன் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஸ்விட்ச் மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய்.

காரணம் வேறு, சேதம் வேறு

இதோடு கிளம்பிவிடலாம் என்று நினைத்தோம். அவர் விடவில்லை. "சூடானதுக்குக் காரணம் கிடைச்சிருச்சு. சூட்டுனால என்ன ஆச்சுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

டிப் ஸ்டிக்கையும், ஆயில் மூடியின் உள்பக்கத்தையும் பார்த்தார். ஆயில், பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் உள்ளே கூலன்ட் கலந்திருக்கிறது. எங்கள் ஆயில் சுத்தம். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தார். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். வரவில்லை. சைலன்ஸரில் இனிப்பு வாசனையோடு அடங்காத வெள்ளைப்புகையும் இல்லை. கடைசியாகக் கை பம்ப் வைத்து ரேடியேட்டரில் அழுத்தம் ஏற்றினார். கடிகார முள் பத்து நிமிடம் இறங்கவில்லை. மூடியின் ரப்பர் மட்டும் வெடித்திருந்தது. அதையும் மாற்றினார். குக்கர் கேஸ்கெட் மாதிரிதான் அதுவும்!

பாட்டி அப்போதுதான் வாய் திறந்தார். "அப்ப விக்க வேண்டாமில்ல?"

மலை ஏறும் முன்...

பழைய காரில் வால்பாறையோ, ஏற்காடோ, ஊட்டியோ போகிறீர்களா? முந்தின நாள் வீட்டு வாசலில், காரை நிறுத்தி வைத்தபடி இன்ஜினை ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டும் நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கைந்து லிட்டர் தண்ணீர் டிக்கியில் இருக்கட்டும். ஏறும்போது முள் உயர ஆரம்பித்ததுமே ஏ.சி-யை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகப் போடுங்கள். வியர்க்கும்தான், ஆனால், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும்.

அப்படியும் கொதித்துவிட்டால், இறங்கியதும் போனில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வளைவு, எந்த கியர், எவ்வளவு வேகம், ஏ.சி ஓடியதா, ஆவி எந்தப் பக்கம் வந்தது, எவ்வளவு தண்ணீர் பிடித்தது. மெக்கானிக்கிடம் "சூடாயிடுச்சு" என்று மட்டும் சொன்னால், அவர் ஊகிக்கத்தான் வேண்டும். "ஒன்பதாவது வளைவில், லாரிக்குப் பின்னால், முதல் கியரில்" என்று சொன்னால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

பார்க்காமலே "ஹெட் போயிருச்சு" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இன்னொருவரிடம் காட்டுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் மரம் தாவுவதை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். வால்பாறை எங்கேயும் ஓடிவிடாது.