போக 16 மணி, வர 17 மணி

பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். எங்கும் இறங்காத விமானத்தில் போவதற்குச் சுமார் 16 மணி நேரம். திரும்பி வர 17 மணி நேரத்துக்கும் மேல். தூரம் ஒன்றுதான், நேரம்தான் வேறு. மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமாக வீசும் காற்று, பசிபிக்கைக் கடந்து போகும்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்றாகிவிடும்.

மகளின் பிரசவத்துக்காக நான் கிளம்பியபோது எல்லோரும், "எத்தனை மணி நேரம் ஃபிளைட்?" என்றுதான் கேட்டார்கள். கிளம்புவதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு 40 நாள் ஆயிற்று. மாமியாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க நாத்தனாரிடம் பேசி வரவழைக்க வேண்டியிருந்தது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி அரைத்து டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினேன். கேஸ் பதிவு செய்வதைக் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மகளுக்குப் பிரசவ லேகியம் கிளறினேன். அவர் அலுவலக வேலையாக டெல்லிக்குப் போனபோதெல்லாம், ஓசூரிலிருந்து விமான நிலையம் போய்ச் சேரும் நேரம் மட்டும்தான் அவர் கணக்கு. பெட்டி அடுக்கியதும் நான்தான்.

விமானத்தில் 16 மணி நேரம் என்னிடம் யாரும் காபி கேட்கவில்லை. கல்யாணமான 31 வருடத்தில் அதுதான் முதல்முறை. சாப்பாடு உட்கார்ந்த இடத்துக்கு வந்தது. கொண்டுவந்தவளும் ஒரு பெண்தான். ஒரு காலத்தில் ஏர் இந்தியாவில் பணிப்பெண் முதல் முறை கருவுற்றாலே வேலை போய்விடும். 1981இல் நர்கீஸ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆனால் வேலையில் சேர்ந்த 4 ஆண்டுக்குள் திருமணம் செய்யக்கூடாது என்ற விதி செல்லும் என்றது. 40 ஆண்டு கழித்து, 2021 ஜனவரியில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாக ஏர் இந்தியா விமானத்தை ஓட்டி வந்தவர்கள் எல்லோருமே பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால்.

வானத்தில் இத்தனை மாறியிருக்கிறது. தரையில்? கலிஃபோர்னியாவில் குழந்தை பிறந்தால் அப்பாவும் 8 வாரம் வரை சம்பளத்தில் ஒரு பங்கோடு விடுப்பு எடுக்கலாம். மருமகன் 2 வாரம் எடுத்தார். "அதான் அத்தை இருக்காங்களே" என்றார். நல்ல பிள்ளை, பிரியமாகத்தான் சொன்னார். அவர் எடுக்காத விடுப்பை ஈடுகட்டத்தான் ஒருத்தி 14,000 கிலோமீட்டர் போயிருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேத்தியை மடியில் போட்டுக் குளிப்பாட்டிய சந்தோஷத்தில் எனக்கும் உடனே தோன்றவில்லை.

ஆறு மாதம் கழித்துத் திரும்பினேன். டப்பாக்கள் காலியாக, ஒட்டிய பெயரோடு அப்படியே இருந்தன. மறுநாள் காலையிலேயே பொடிக்கு மல்லி வறுத்தேன்.

மகள் இப்போது வேலைக்குத் திரும்புகிறாள். "மறுபடி வாம்மா" என்கிறாள். இந்த முறை இரண்டு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். மாமியாரைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

"நான் அங்க வந்து என்ன செய்யப் போறேன்?" என்றார் கணவர்.

"நான் செஞ்சதைத்தான். குழந்தையைத் தூக்கணும், பாத்திரம் கழுவணும், சோறு வடிக்கணும். கிளம்ப இன்னும் 40 நாள் இருக்கு, கத்துக்கலாம்."