கதீட்ரல் சாலையில் ஸாக்ரடீஸ்

மயிலாப்பூர் என்றதும் கபாலீசுவரர் கோவிலும் தெப்பக்குளமும் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக வக்கீல்கள் நினைவுக்கு வருவார்கள். வாதம் செய்வதில் அவ்வளவு பெயர் பெற்ற பேட்டை அது. அதன் அண்டையிலேதான், "சட்டத்தை மீறுவது எப்போது தர்மமாகும்?" என்ற பழைய கேள்வி ஒரு நாள் அதிகாலையில் புது உருவம் பெற்றது. இந்தக் கேள்வி முன்பு எழுந்த இடம் ஏதென்ஸ் நகரத்துச் சிறைச்சாலை. அதன் சுவடுகளைத் தென் சென்னையில் தேடிக்கொண்டு நாம் சற்று நடப்போம்.

முதலில் கதீட்ரல் சாலை. ஓயாமல் வண்டிகள் ஓடும் இந்தச் சாலையில், பின்னாளில் சோழா ஓட்டல் எழுந்த இடத்தில், முன்பு ஒரு பங்களா இருந்தது. 'ஹிந்து' பத்திரிகை ஆசிரியர் ஸ்ரீ கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமானது. சேலத்திலிருந்து சென்னைக்கு வக்கீல் தொழில் நடத்த வந்திருந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் அதில் குடியிருந்தார். 1919 மார்ச்சு மாதத்தில் மகாத்மா காந்தி அங்கே விருந்தினராகத் தங்கினார். விசாரணையின்றியே மனிதர்களைச் சிறையிலிட அதிகாரம் தரும் ரௌலட் சட்டம் நிறைவேறிய செய்தி அப்போதுதான் வந்தது. அன்றிரவு அதைப் பற்றியே எண்ணியவாறு உறங்கிய மகாத்மாவுக்கு, விடியற்காலையில் பாதி உறக்கத்தில் ஒரு யோசனை உதித்தது. தேசம் முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி, உபவாசமிருந்து, பிரார்த்தனை செய்ய வேண்டும்! ஏப்ரல் 6-ஆம் தேதி அந்த யோசனை தேசத்தையே உலுக்கிவிட்டது.

இதற்கும் கிரேக்கக் கிழவருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1908-இல், தென்னாப்பிரிக்காவில் சிறை சென்று மீண்ட காந்திஜி, ஸாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதைக் குஜராத்தியில் சுருக்கித் தம் பத்திரிகையில் வெளியிட்டார். ஸாக்ரடீஸை அவர் 'சத்திய வீரர்' என்று அழைத்தார். 1910-இல் பம்பாய் சர்க்கார் அந்தச் சிறு புத்தகத்துக்குத் தடை விதித்தது. இறந்து 2,300 ஆண்டுகள் ஆன ஒருவரைக் கண்டு வெள்ளைக்கார சர்க்கார் அஞ்சியது வேடிக்கையல்லவா?

அஞ்சியதில் நியாயமும் இருந்தது. கி.மு. 399-இல், எழுபது வயதில், ஸாக்ரடீஸ் குற்றக் கூண்டில் நின்றார். நகரத்தின் தெய்வங்களை ஏற்காதவர், வாலிபர்களைக் கெடுப்பவர் என்பவை குற்றச்சாட்டுகள். தத்துவ விசாரணையைக் கைவிட்டால் விடுதலை என்றாலும் அதற்கு இணங்க மாட்டேன் என்று அவர் சொன்னார். ஆனால் மரண தண்டனை கிடைத்த பின், தப்பிச் செல்ல வழி செய்கிறேன் என்று நண்பர் கிரீட்டோ சிறைக்கு வந்து மன்றாடியபோது, அதற்கும் மறுத்துவிட்டார். பெற்று வளர்த்த தாய் தந்தையரைப் போன்றவை நகரத்தின் சட்டங்கள். எழுபது ஆண்டு அவற்றின் நிழலில் வாழ்ந்துவிட்டு, நமக்குத் தீங்கு நேர்ந்ததும் அவற்றை ஏமாற்றி ஓடுவதா என்பது அவர் கேள்வி.

ஒரு கட்டளைக்குப் பணிய மாட்டேன் என்றவரே தண்டனைக்குப் பணிந்தார். இது முரண்பாடு அல்ல. அநியாயம் செய்யச் சொன்னால் மறுப்பது, மறுத்ததற்கு உரிய தண்டனையை ஒளியாமல் ஏற்பது என்ற இரண்டும் சேர்ந்ததே சத்தியாக்கிரகம். மரணத்தையும் அவர் அவ்வாறே கண்டார். அது தீயதென்று எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எண்ணுவதே அச்சம் என்றார். நஞ்சுக் கிண்ணத்தைக் கை நடுங்காமல் வாங்கிப் பருகினார்.

இனி, மயிலாப்பூரைக் கடந்து, ஆற்றுப் பாலத்தின் வழியே அடையாறு செல்வோம். பிரம்மஞான சங்கத்துத் தோப்பில் புகழ்பெற்ற ஆலமரம் விழுதூன்றி நிற்கிறது. தாய் மரம் 1989-இல் புயலில் சாய்ந்த பின்னும் விழுதுகள் வாழ்கின்றன. இங்கே வாழ்ந்து 1933-இல் மறைந்த அன்னி பெஸன்ட் அம்மையார், 1917-இல் சுயாட்சிக் கிளர்ச்சிக்காகக் காவலில் வைக்கப்பட்டவர். எனினும் ரௌலட் சத்தியாக்கிரகத்தை அவர் எதிர்த்தார். ஒரு சட்டத்தை மீறக் கற்ற ஜனக்கூட்டம் எல்லாச் சட்டங்களையும் மீறிவிடும் என்பது அவர் கவலை. அந்தக் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏப்ரலில் பல ஊர்களில் கலகம் மூண்டதும், மகாத்மாவே இயக்கத்தை நிறுத்தி வைத்தார். சட்டங்களை மனமுவந்து அனுசரித்துப் பழகியவனுக்கே சட்டமறுப்பு செய்யத் தகுதியுண்டு என்று பிறகு விளக்கினார். கிரீட்டோவுக்கு ஸாக்ரடீஸ் நினைவூட்டிய எழுபது ஆண்டுகளின் பொருளும் அதுதானே!

கடைசியாகத் தியாகராய நகர், பஸ்லுல்லா சாலை. ராஜாஜி தம் முதிய வயதில் வாழ்ந்த தெரு இது. கதீட்ரல் சாலையில் அந்த விடியற்காலை யோசனையை முதலில் கேட்டவர் அவரே. பின்னர் வக்கீல் தொழிலைத் துறந்து, 1921 டிசம்பரில் மூன்று மாதத் தண்டனை பெற்று வேலூர்ச் சிறைக்குச் சென்றார். கிரேக்க ஞானியைப் பற்றி 'சோக்ரதர்' என்ற நூலைத் தமிழில் எழுதியவரும் அவரே.

இன்று நம்மை நாமே ஆளுகிறோம். சட்டங்கள் நாம் தேர்ந்தவர்கள் இயற்றுபவை. ஆகவே கேள்வி தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஸாக்ரடீஸைத் தண்டித்ததும் அந்நிய சர்க்கார் அல்ல. அவருடைய சொந்த ஊர்க் குடிமக்களே. பலர் சேர்ந்து சொல்லிவிட்டதால் மட்டும் ஒன்று நீதியாகிவிடாது. இல்லை என்று சொல்லும் துணிவும், சொன்னதன் விலையைக் கொடுக்கும் துணிவும் சுதந்திர தேசத்துக்கே அதிகம் வேண்டியவை.