பணம் வந்ததா, ஆள் வந்தாரா?

நண்பரின் இணைய நூலங்காடி வூகொமர்ஸில் இயங்குகிறது. கொள்வனவு முடித்தோரில் மின்னூல் வாங்கியவரைத் தரவிறக்கப் பக்கத்துக்கும் அச்சுநூல் வாங்கியவரை அஞ்சல் விபரப் பக்கத்துக்கும் அனுப்ப விரும்பினார். நானோ, கட்டளையின் நிலையை முதலில் பார்க்கவேண்டும் என்றேன். வங்கியில் வைப்பிடுவதாகச் சொன்னவரின் கட்டளை நிறுத்திவைக்கப்பட்டே இருக்கும். அவருக்கு வேண்டியது கணக்கிலக்கம், நன்றியன்று.

அட்டையால் செலுத்துபவர்? உலாவி திரும்பிவந்தது பணம் வந்ததற்குச் சாட்சியாகாது. (செய்தியாளனுக்கு இது பழகிய சங்கதி.) பேஹியர் கொடுப்பனவு வாயில் வாங்குபவரைத் திருப்பியனுப்ப ஒரு முகவரியும், முடிவை வழங்கிக்கு நேரே அறிவிக்க வேறொன்றும் கேட்கிறது. முன்னதை நம்பி நூலைத் திறந்துவிட்டால், அம்முகவரியை அறிந்த எவரும் இலவசமாக வாசிப்பார்.

ஆகவே கட்டளையின் நிலை, பின்னர் நூல்வகை என்று விதிகளை வரிசைப்படுத்தினோம். எவ்விதியிலும் அகப்படாதவர் வழமையான நன்றிப் பக்கத்தில் தமது கட்டளை எண்ணைக் காண்பார்.