ரோஷ்ணிக்குக் குளிருமா?

டெல்லிப் பக்கம் வந்து 14 வருஷம் ஆச்சு. இன்னமும் ஜனவரி வந்தா ரெண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கட்டிலுக்குப் பக்கத்துல ஹீட்டர்னுதான் நம்ம பொழப்பு. கோவில்பட்டி வெயில்ல காய்ஞ்ச உடம்பு, என்ன பண்றது! அப்படிப்பட்டவன் ஒரு குதிரைக்குக் குளிருமா குளிராதான்னு தீர்ப்பு சொல்லப் போன கதை இது.

பொண்ணு குதிரை ஓட்டக் கத்துக்கறா. (தங்கமணி பரதநாட்டியம்னு சொன்னாங்க, அவ குதிரைன்னுட்டா. அது தனிப்பதிவா போடற அளவுக்குப் பெரிய சண்டை.) குர்காவ் தாண்டி ஒரு சின்ன லாயம், மொத்தம் 9 குதிரைங்க. அவளுக்கு வாய்ச்சது ரோஷ்ணின்னு ஒரு மார்வாரிப் பெண் குதிரை. காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு நுனியும் நுனியும் தொட்டுக்குமே, அந்த ஜாதி.

2024 ஜனவரியில மூடுபனி நாள் கணக்கா விலகலை. சவாரி வகுப்பெல்லாம் ரத்து. பெத்தவங்க நாலஞ்சு பேர் சேர்ந்து லாயக்காரர்கிட்ட போனோம். "பாவம், வாயில்லா ஜீவன், இந்தக் குளிர்ல வெளிய விடாதீங்க"ன்னு சொன்னோம். அதுல சத்தமா பேசினது அடியேன்தான். அதோட நின்னேனா? சொந்தக் காசுல ரோஷ்ணிக்குக் கம்பளி வெச்சுத் தெச்ச ஜூல், அதாங்க குதிரைப் போர்வை, ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். கதவிடுக்குல சாக்கு சொருகியாச்சு. சயீஸ் மட்டும் "சாப், கோடி கோ சல்னா சாஹியே"ன்னு ரெண்டு தடவை முனகினார். குதிரைன்னா நடக்கணும் சாப். யாரு கேட்டா?

10 நாள் ரோஷ்ணி 12க்கு 12 அடி அறைக்குள்ளயே நின்னுச்சு. 11வது நாள் விடியக்காலையில ஃபோன். பொண்ணு அழுதுட்டே காருல ஏறிட்டா. போய்ப் பார்த்தா, முன்னங்காலால தரையைப் பறிக்குது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்குது, படுக்குது, எந்திரிக்குது. ராத்திரியில இருந்து லத்தியே போடலை. தண்ணி வாளி வெச்ச மாதிரியே நிறைஞ்சு நிக்குது.

கோலிக்னு சொல்றாங்க. நமக்கு வயித்து வலின்னா ஓம வாட்டரோட போயிரும். குதிரைக்கு உயிர் போற சமாச்சாரம். அதால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது முன்னாலதான் போயாகணும், இல்லாட்டி வயிறு கிழிஞ்சே போகலாம். டாக்டர் வந்து, தோள் வரைக்கும் உறை மாட்டிக் கையை விட்டுப் பார்த்தார். பெருங்குடல் மடங்குற இடத்துல தீவனம் இறுகிக் கிடக்குன்னார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியா குழாய் விட்டு, திரவ பாரஃபினும் வெதுவெதுப்பான தண்ணியும் ஊத்தினார். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்துலதான் எனக்குப் பாட்டு விழுந்துச்சு.

"உங்களுக்குக் குளிருதுன்னா அதுக்கும் குளிரணுமா?"

நல்லா சாப்பிடற, முடி வெட்டாத, காய்ஞ்ச உடம்போட இருக்கிற குதிரை 5 டிகிரி வரைக்கும் எந்தச் சிரமமும் இல்லாம இருக்குமாம். பழகிட்டா பூஜ்யத்துக்குக் கீழயும் தாங்கும். பிரச்சினை காத்தும் மழையும் சேர்ந்து முடி நனையறப்பதான். (கிழட்டுக் குதிரை, இளைச்ச குதிரை, முடி மழிச்ச குதிரைன்னா கணக்கு வேற. அதுங்களுக்கு ஜூல் வேணும்.) அதோட ஹீட்டர் வயித்துக்குள்ளயே இருக்கு. உலர்ந்த புல் பெருங்குடல்ல புளிக்கிறப்போ வர்ற சூடுதான் அது. 350 கிலோ குதிரைக்கு நாளைக்கு 7 கிலோ காய்ஞ்ச புல்லாவது போகணும். நாங்க குளிருக்கு இதமா இருக்கட்டுமேன்னு கொள்ளையும் தானியத்தையும் கூட்டிட்டோம்!

தன்னிச்சையா மேயற குதிரை நாளுக்கு 16 மணி நேரம் போல மேய்ஞ்சுட்டே மெதுவா நடக்கும். நடந்தாத்தான் குடலும் நகரும். காலுக்கும் அதே கதைதான். முழங்காலுக்குக் கீழ குதிரைக்குத் தசையே கிடையாது. குளம்பு தரையில அமுங்கி எழுந்தாத்தான் ரத்தம் மேல ஏறும். ஒரே இடத்துல நின்னா கால் வீங்கிக்கும். ரோஷ்ணிக்குப் பின்னங்கால் ரெண்டும் வீங்கி இருந்ததை அப்பதான் கவனிச்சேன். குளிர்ல தண்ணி குடிக்கறதும் குறைஞ்சுடும். சாக்கு அடைச்ச அறையில மூத்திர நெடி வேற, நுரையீரலுக்குக் கேடு. குளிரைத் தடுக்கிறேன்னு காத்தைத் தடுத்திருக்கோம்.

"அப்ப எத்தனை மணி நேரம் வெளிய விடணும் டாக்டர்?"

குறைஞ்சது 2 மணி நேரமாவது, ஆனா அதோட திருப்திப்படக் கூடாதுன்னார். 4, 5 மணி நேரம் ஆனா நல்லது, பகல் முழுக்கன்னா இன்னும் நல்லது. சவாரி இதுல சேர்த்தி இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு மிச்சம் 23 மணி நேரம் அடைச்சு வெச்சா அது கணக்கே இல்லை. கயிறு இல்லாம, இன்னொரு குதிரையோட, அது இஷ்டத்துக்கு நடக்கணும்.

அப்புறமா தேடிப் படிச்சேன். சுவிட்சர்லாந்துல 2008ல போட்ட விதிப்படி, வேலை வாங்காத குதிரைக்குத் தினம் 2 மணி நேரம் வெளிய விட்டாகணும். வேலை வாங்கற குதிரைக்கு வாரத்துல 2 நாளாவது அப்படி விடணும். அந்தப் பனி தேசத்துலயே! என்னைக் கேட்டா அந்த ரெண்டாவது கணக்கு ரொம்பக் கஞ்சத்தனம்.

ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "ஏலே, மழை நாள்ல கூட நம்ம மாட்டைக் கட்டுத்தறியில இருந்து அவுக்காம இருந்திருக்கோமா?"ன்னு கேட்டார். இல்லைதான். சின்ன வயசுல அவுத்தவனே நான்தானே. கம்பளி போர்த்தின கையில அது மறந்து போச்சு.

ரெண்டாம் நாள் மத்தியானம் லத்தி போட்டுச்சு. சயீஸ் அதைக் கையில எடுத்துக் காட்டினார். ஒரு லத்தியைப் பார்த்துக் கண் கலங்கினது என் வாழ்க்கையில அதான் முதல் தடவை.

அதுக்கப்புறம் புது ஏற்பாடு. பனி விலகற 11 மணிக்கு அவுத்து விட்டு, 4 மணிக்கு உள்ள கூட்டிட்டு வர்றாங்க. வேலியோரமா நாலு இடத்துல புல், வெதுவெதுன்னு ஒரு தொட்டித் தண்ணி, துணைக்கு ஒரு கிழட்டுக் குதிரை. காத்துல புகை ரொம்ப மோசமான நாள்ல சவாரி கிடையாது, ஆனா மெதுவா உலாத்த விடுவாங்க. சாக்கெல்லாம் எடுத்தாச்சு.

முதல் நாள் விட்டப்போ நாங்க எல்லாரும் வேலியோரம் நின்னோம். ரோஷ்ணி பத்தடி நடந்துச்சு, மோந்து பார்த்துச்சு, தடால்னு மண்ணுல சாய்ஞ்சு உருண்டுச்சு. "அப்பா, மறுபடியும் வலி!"ன்னு பொண்ணு கத்திட்டா. நான் பாதி வேலி ஏறிட்டேன். சயீஸ் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். வலியில உருண்ட குதிரை எந்திரிச்சு உடம்பை உதறாது சாப், பாருங்கன்னார்.

எந்திரிச்சுச்சு. தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறுச்சு. மண்ணு மொத்தமும் எங்க மேல.