இடது கைக்கு ஒரு விண்ணப்பம்

கீபோர்டு வாசிப்பவனுக்கு வலது கையில் பேர், இடது கையில் வேலை. ஸ்வரத்தை அழுத்துவது வலது கை. அதை அசைத்து, இழுத்து, வழுக்கிக்கொண்டு போய் அடுத்ததில் விடுவது இடது கைக் கட்டைவிரலுக்கும் பிட்ச் வீலுக்கும் நடுவில் நடக்கிற சங்கதி. ஸ அழுத்தியபடி வீலை மேல்கோடி வரை தள்ளினால் சதுஸ்ருதி ரிஷபம் கேட்கும். விரலை எடுத்தால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் இழுக்க, நடுவில் டக்கென்று வந்து நிற்கும். அந்த டக் பாட்டில் கேட்காதபடி, வீல் திரும்பி வரும் வழி முழுக்க விரலாலேயே தாங்கிக் கொண்டுவந்து விட வேண்டும். மெல்லிசைக் குழுக்களில் நல்ல கீபோர்டுக்காரரையும் சுமாரானவரையும் பிரித்தது பெரும்பாலும் இந்தத் திரும்பி வரும் வழிதான்.

இதெல்லாம் இப்போது எதற்கென்றால், நான் சர்ஜ் எக்ஸ்டி என்ற சாஃப்ட்வேர் சின்தசைசரில் வேலை செய்வது தெரிந்து, கோடிங் எழுதுகிற நண்பர் ஒருவர், "எது பிடிச்சிருக்கு, இன்னும் என்னென்ன வேணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார்" என்றார். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. கேட்டால் யாராவது செய்துவிடவும் கூடும். தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாஃப்ட்வேர் பின்னால் போய், வீல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

வீல் வந்தால் 112 வரும். 1991இல் ஜெனரல் மிடி என்று 128 டோன்களுக்கு வரிசை எண் போட்டார்கள். எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் 1 என்றால் பியானோ, 105 என்றால் சிதார், 112 என்றால் ஷெனாய். நாதஸ்வரத்துக்கு எண் இல்லை. கல்யாணக் கச்சேரியில் நாதஸ்வர பிட் வரும் பாட்டு என்றால் 112ஐத் தட்டி, ஒரு ஆக்டேவ் இறக்கி, மிச்சத்தை வீல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவோம். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து தலைகள் ஆடும். காலையில் முகூர்த்தத்துக்கு வாசித்த நாதஸ்வரக்காரர் மண்டபத்தில் இன்னும் இருந்தால், அவர் மட்டும் ஆட மாட்டார்.

ஆனாலும் அவர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "இந்தச் சக்கரத்துலதான் இருக்குது போல உசுரு" என்றார். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்ட அண்ணனுக்குப் பார்வை கிடையாது. அவர் கையில் இருந்தது செகண்ட் ஹேண்டில் வந்த யமஹா டிஎக்ஸ்7. 1983இல் வந்த மாடல். 61 கீ, ஒரே நேரத்தில் 16 ஸ்வரம், உள்ளே 32 டோன். அதன் பட்டன்கள் தட்டை. தடவினால் பெரிதாக மேடு பள்ளம் தெரியாது. அண்ணன் ஓரத்திலிருந்து விரல் அகலத்தால் அளந்து போவார். 11ஆவது எலெக்ட்ரிக் பியானோவுக்கு அவர் கை போகிற வேகத்தில் எனக்குக் கண்ணே போகாது. உலகம் முழுக்க அந்த எண்பதுகளின் காதல் பாட்டுகளில் கேட்ட கண்ணாடி மணி மாதிரியான பியானோ, அந்தப் 11தான்.

டிஎக்ஸ்7க்குள் இருந்த வித்தையின் கதை எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வைப்ரேட்டோ, அதாவது சுருதி கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. அசைவின் வேகத்தையும் வீச்சையும் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு அசைவாகக் கேட்கவில்லை. ஸ்வரத்தின் குரலே மாறிவிட்டது. மணியாக, பித்தளையாக, மரமாக ஒலித்தது. 1973இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். யமஹா உரிமம் வாங்கியது, பத்து வருடத்தில் டிஎக்ஸ்7. ஆறு ஆபரேட்டர்கள் ஒன்றையொன்று உலுக்க, அவற்றைக் கோர்க்க 32 விதம்.

இதை அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கமகத்தை ரொம்ப வேகமா ஆட்டினா டோன் ஆயிடும்கிற. சரி, அந்த ஆளு கொஞ்சம் மெதுவாவே நிறுத்தியிருந்தா நமக்கு உபயோகமா இருந்திருக்கும்."

சின்தசைசரைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான விமர்சனம் இதுதான். டோன்கள் ஆயிரக்கணக்கில் வந்தாயிற்று. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழிக்குத்தான் இன்னும் அதே ஒரு வீல்.

சர்ஜுக்கு வருகிறேன். க்ளேஸ் யோஹான்சன் என்பவர் வெம்பர் ஆடியோ என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்த ப்ளகின் அது. 2018இல் மூல நிரலைத் திறந்து விட்டுவிட்டார். பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து தூக்கி நிறுத்தி, 2022இல் எக்ஸ்டி என்று புதுப்பித்து வெளியிட்டார்கள். காசு கிடையாது. ஒரு பேட்சுக்குள் இரண்டு சீன், சீனுக்கு மூன்று ஆசிலேட்டர். அதில் ஸ்ட்ரிங் என்று ஓர் ஆசிலேட்டர் இருக்கிறது. கம்பியைத் தட்டினால் அது எப்படி அதிர்ந்து அடங்கும் என்பதைக் கணக்குப் போட்டு ஒலிக்கும். இரண்டு கம்பி, அவற்றுக்குள் மயிரிழை சுருதி வித்தியாசம், கம்பியின் விறைப்பு, அடங்கும் நேரம், எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்லைடர். தம்புரா செய்ய உட்கார்ந்தால் ஒரு ராத்திரி போவது தெரியாது. ஜீவா சரியாக வராது என்பது வேறு விஷயம். தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் சொருகி, அதை இம்மியளவு நகர்த்தி நகர்த்தி எடுக்கிற ரீங்காரம் அது. நூலுக்கு ஒரு ஸ்லைடர் வேண்டும் என்று தாளில் எழுதினேன். அடித்தும் விட்டேன், அது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

பிடித்ததில் முதலாவது சின்ன விஷயம். வீலை மேலே தள்ளினால் எவ்வளவு, கீழே இழுத்தால் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே ஐந்து. ஸவிலிருந்து கீழ்ப் பஞ்சமம் வரை ஒரே சறுக்கலில் இறங்க இது போதும். யாரோ ஒரு வாசிக்கிறவன் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது பிடித்தது, சுருதியைக் கோப்பாக ஏற்ற முடிவது. நெதர்லாந்தின் மானுவல் ஓப் டெ கூல் உருவாக்கிய ஸ்காலா என்ற மென்பொருளின் வடிவம் அது. ஆயிரக்கணக்கான சுருதி அமைப்புகள் அதில் தொகுக்கப்பட்டுக் கிடைக்கின்றன. கீபோர்டின் அந்தர காந்தாரம் ஸவிலிருந்து 400 சென்ட். தம்புராவின் மந்தர ஸவைக் காது கொடுத்துக் கேட்டால் அதற்குள்ளிருந்தே ஒலிக்கும் காந்தாரம் 386. பதினாலு சென்ட் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் தோன்றும். தம்புராவைப் போட்டுவிட்டு அந்தக் கீயைப் பிடித்து நிறுத்தினால் தெரியும், இரண்டும் மோதி மோதி அலையடிக்கும். கோப்பை ஏற்றிவிட்டு அதே கீயைப் பிடித்தால் அலை அடங்கிவிடுகிறது. சங்கராபரணம் முதன்முதலாகக் கீபோர்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்குச் சொன்ன காரணங்களில் இந்தக் காந்தாரமும் உண்டு, கமகமும் உண்டு. 1970கள் வரை அந்தத் தடை தளரவில்லை. அந்தக் காலத்து ஆர்மோனியக்காரர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. நாடகத்திலும் பஜனையிலும் ராஜாவாக இருந்தவர்கள், ரேடியோ நிலைய வாசலில் வேண்டாதவர்களாகிப் போனார்கள். ஆனால் புகார் பொய்யில்லை. அவர்களிடம் துருத்தி இருந்தது, வீல் இல்லை. எங்களுக்கு வீலாவது கிடைத்தது.

வீலின் குறை என்னவென்றால், அது ஒட்டுமொத்தமாக இழுக்கும். 1983இல் மிடி வந்தபோது வளைவுக்கு 16,384 படிகள் கொடுத்தார்கள், தாராளம்தான். ஆனால் அந்த வளைவு சேனல் முழுவதற்கும் பொது. கார்டைப் பிடித்துக்கொண்டு மேலே ராகத்தை வளைத்தால் கார்டும் சேர்ந்து வளைந்து, மேடையே சாய்கிற மாதிரி இருக்கும். 2018இல் எம்பிஇ என்று தரப்படுத்தினார்கள். ஒவ்வொரு விரலின் ஸ்வரமும் தனித்தனியே வளையும். சர்ஜ் அதைப் புரிந்துகொள்கிறது. அப்படி வாசிக்கிற கருவிதான் வேண்டும். 2009இல் வந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டின் கடைசியில் ரஹ்மான் கன்டினுவம் வாசித்திருப்பார்; கட்டைகளே இல்லாத வழவழப்பான பலகை, விரல் நகர்ந்த இடமெல்லாம் சுருதி. அதைக் கேட்டுவிட்டு விலையை விசாரித்தவர்களில் நானும் ஒருவன். விசாரித்ததோடு சரி.

அதனால் என் கோரிக்கை சாதாரணக் கீபோர்டுக்காரனுக்கானது. சர்ஜில் எம்எஸ்ஈஜி என்று ஓர் எடிட்டர் உண்டு. கோட்டைப் பிடித்து இழுத்து, மேடும் பள்ளமுமாக எந்த அசைவையும் வரைந்து சுருதியோடு இணைக்கலாம். தோடியின் காந்தாரத்தை வரைந்து பார்த்தேன். அது நிற்கிற ஸ்வரமே இல்லை; ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு ஊசலாடுவது. பொறுமையாக வரைந்தால், விளம்பத்தில், அசலுக்கு அருகில் வந்துவிடுகிறது. உடம்பு சிலிர்த்தது உண்மை. அடுத்து வேகமாக ஒரு பிரயோகம் வாசித்தேன், குட்டு வெளிப்பட்டது. காலம் ஏறினால் பாடகர் அதே அசைவை வேகமாக்குவதில்லை. மூன்று ஊசல் ஒன்றாகிறது, சில நேரம் வெறும் தொடலாகிறது. கோடு அப்படிச் சுருங்கத் தெரியாமல் முழுதாக ஆடித் தீர்க்கப் பார்க்கிறது.

ரி-க-ம என்று ஏறும்போது காந்தாரம் ஆடுகிற விதம் வேறு, ம-க-ரி என்று இறங்கும்போது வேறு. பைரவியில் இந்தத் தொல்லை குறைவு. ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம், இரண்டுக்கும் தனித்தனிக் கீ. தோடிக்கு ஒரே கீ. ஆகவே ஒரு கீக்கு இரண்டு கோடு வேண்டும்: கீழிருந்து வந்தால் ஒன்று, மேலிருந்து வந்தால் இன்னொன்று. முந்தைய ஸ்வரம் எது என்று ப்ளகினுக்குத் தெரியும், எனவே கேட்பதில் தப்பில்லை. அடுத்த ஸ்வரம் எது என்று அதற்குத் தெரிய வழியில்லை. பாடுகிறவருக்கு அது தெரிந்திருப்பதால்தான் இந்தக் காந்தாரம் இப்படி ஆடுகிறது. சூத்திரம் எழுதி இதில் கொஞ்சம் சாதித்துக்கொள்ள எக்ஸ்டியில் இடம் வைத்திருக்கிறார்கள். வாசிக்க உட்கார்ந்தவன் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தால் பாட்டு எப்போது முடிவது?

காசு கொடுத்து வாங்கிய வேறொரு ப்ளகின் இருந்தது, பேர் வேண்டாம். 32 பிட்டிலிருந்து எல்லாம் 64க்கு மாறிய காலத்தில் அது மாறவில்லை. அதில் செய்த பாட்டுகளைத் திறந்தால் அந்த ட்ராக்கில் மட்டும் சத்தம் இருக்காது. "பேட்ச் என்றைக்கும் திறக்க வேண்டும்" என்று தாளில் ஒரு வரி, அடிக்கோட்டோடு.

தாளை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். இப்போது வெளியே வாசிப்பதில்லை, வீட்டில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். லேப்டாப்பில் சர்ஜைப் போட்டு ஸ்க்ரீன் ரீடரை ஓடவிட்டேன். டேப் தட்டத் தட்ட, ஃபில்டர், கட்ஆஃப், இத்தனை ஹெர்ட்ஸ் என்று அது சொல்லிக்கொண்டே போனது. பார்வையில்லாதவர்களை மனதில் வைத்து மெனக்கெட்டுச் செய்த வேலை அது, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

"தானாவே சொல்லுதா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"டிஎக்ஸ்7 காலத்துல இது இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கோரிக்கைகளைப் படித்துக் காட்டினேன். தோடிக்கு இரண்டு கோடு என்றதும் சிரித்தார். "எந்தப் பக்கமிருந்து வர்றோம்னு அதுக்கு எதுக்குடா தெரியணும்? உனக்குத் தெரிஞ்சாப் போதாதா? எல்லாத்தையும் அதுகிட்டக் குடுத்துட்டு இடது கையை என்ன பண்ணப்போற?"

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"கட்டை."

பாடுகிற பெண்ணின் சுருதி ஐந்து கட்டை. அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மேடையில் நின்றுகொண்டு நாலரை என்கிறாள். சாதாரண டோன் என்றால் ட்ரான்ஸ்போஸை ஒன்று இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சுருதிக் கோப்பை ஏற்றி வைத்திருந்தால் அந்த 386 காந்தாரம் முதற்கொண்டு எல்லாம் புது ஸவிலிருந்து மறுபடி எண்ணப்பட வேண்டும். செய்ய முடியும்தான், மெனுவுக்குள் போய். மேடையில், அடுத்த பாட்டு ஆரம்பிப்பதற்குள், யார் மெனுவுக்குள் போவது? ஒரு குமிழ் போதும் என்கிறார் அண்ணன். திருகினால் ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றுக்கு அப்புறம் நாலு, மூன்றரை கிடையாது. "அதையும் எழுது. இல்லன்னா வெள்ளைக்காரன் மூன்றரை வெச்சுடுவான்."

எழுதிவிட்டேன். தாளில் கட்டைதான் முதலில் இருக்கிறது. தோடி இரண்டாவதாக இன்னும் இருக்கிறது. அண்ணனிடம் எடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.