காந்தத்தோட கார் பார்க்கப் போனோம்!

மெக்கானிக்கல் படிக்கிற பையன் மாடியில் குடியிருந்தா ஹவுஸ் ஓனர் எதுக்கெல்லாம் கூப்பிடுவார்? குழாய் ஒழுகினா கூப்பிடுவார், ஹீட்டர் நின்னா கூப்பிடுவார். எங்க ஓனர் தாத்தா ஒரு சனிக்கிழமை காலையில கூப்பிட்டு, "தம்பி, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்துக்கிட்டு வா. கார் பார்க்கப் போறோம்"னார்.

ஊர், இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச். பர்மிங்ஹாம்ல டிராம் ஏறினா வுல்வர்ஹாம்ப்டன் போற வழியில வரும். ஒரு காலத்துக் கரிப்புகையால இந்த வட்டாரத்துக்கே 'பிளாக் கன்ட்ரி'னு பேர். இப்போ புகை போய், பஞ்சாபி ஸ்வீட் கடை வாசனைதான். ஃபுட்பால் டீமைத் தவிர இந்த ஊரைப் பத்தி வெளியில யாருக்கும் பெரிசா தெரியாது. ஆனா, இங்கே கெல்வின் வே-ங்கிற தெருவுலதான் 'ஜென்சன் இன்டர்செப்டர்' பிறந்தது!

ஆலனும் ரிச்சர்டும் அண்ணன் தம்பி. அவங்க ஆரம்பிச்ச சின்ன கம்பெனி, 1966-ல் விட்ட கார் அது. டிசைன் இத்தாலி, இன்ஜின் அமெரிக்கா (கிரைஸ்லர் வி8, முதல்ல 6.3 லிட்டர், அப்புறம் 7.2), தோல் சீட்டும் விறைப்பும் பக்கா இங்கிலீஷ். பின்னாடி மீன்தொட்டி மாதிரி ஒரு பிரமாண்ட கண்ணாடி. மைலேஜ்? லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் கொடுத்தா பெரிய விஷயம் பாஸ்!

அதுலயே 'எஃப்எஃப்'னு ஒண்ணு. நாலு சக்கரத்துக்கும் பவர், கூடவே விமானத்துல இருந்து வந்த ஆன்டி-லாக் பிரேக். ஆடி குவாட்ரோ வந்தது 1980-ல். இவங்க அதுக்கு 14 வருஷம் முன்னாடியே ரோட்டுல விட்டுட்டாங்க. ஆனா ஸ்டீயரிங்கை இடது பக்கம் மாத்த இடமில்லாத டிசைன். அதனால அமெரிக்க மார்க்கெட் போச்சு. மொத்தமே 320 கார்தான். முன் சக்கரத்துக்குப் பின்னால காத்துத் துவாரம் ரெண்டு இருந்தா எஃப்எஃப், ஒண்ணுன்னா சாதா இன்டர்செப்டர். "ரெண்டு ஓட்டைக்கு நம்மகிட்ட காசு இல்லை. ஒரு ஓட்டை போதும்"னார் தாத்தா.

தாத்தா 16 வயசுல, 1973-ல், அந்த ஃபேக்டரியில சீட் தைக்கிற பிரிவுல சேர்ந்தவர். அதே வருஷம் பெட்ரோல் நெருக்கடி. 1976-ல் கம்பெனிக்குப் பூட்டு. 19 வயசுல வேலை போயிடுச்சு. இப்போ எழுபதை நெருங்குறார். தான் தைச்ச சீட்டுல ஒருநாளும் உட்கார்ந்து போனதில்லையாம்.

கார் இருந்தது பிரிட்ஜ்நார்த்துல. ஒருமணி நேரத்துக்குள்ள போயிடலாம். செவர்ன் நதிக்கரையில பாதி ஊர், குன்று மேல பாதி ஊர். ஏறி இறங்க செங்குத்தா ஒரு குட்டி ரயில் பாதை உண்டு. ஏறிப் பார்க்கணும்னு எனக்கு ஆசை. தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கலை.

கராஜைத் திறந்ததும் எனக்கே மூச்சு நின்னுடுச்சு. கருநீலம், பளபளன்னு! விக்கிறவர் சாவியைத் திருப்பினதும் தரை அதிர்ந்தது. "நாற்பது வருஷம் தாண்டினதால ரோடு டாக்ஸ் கிடையாது"ன்னு அடுக்கினார். நான் பேச்சுவாக்குல பானெட் மேல கை வச்சேன். சுட்டது. அதாவது, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கார். குளிர்ல இழுக்குமா, புகையுமா... இனி தெரியாது!

இன்ஜினுக்கு நான் பயப்படலை. அது அமெரிக்க லாரி மாதிரி முரட்டு சமாச்சாரம், பார்ட்ஸ் கிடைக்கும். இந்தக் காருக்கு எமன் துருதான். குனிஞ்சு காந்தத்தை வச்சேன். கதவுல ஒட்டுச்சு. கதவுக்குக் கீழே நீளமா ஓடுற இரும்புப் பெட்டியில வச்சேன். 'டொக்'குனு விழுந்தது. பின் சக்கர வளைவுல, மறுபடி 'டொக்'. இரும்பு அரிச்சுப்போன இடத்துல பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. வெட்டி வெல்டு பண்ணி சரிபண்ற செலவு, காரோட விலையையே முழுங்கிடும்.

நிமிர்ந்தா, தாத்தா பின் சீட்டுல உட்கார்ந்து தையலை விரலால தடவிக்கிட்டிருக்கார்.

"உங்க தையலா?"

"எங்க ஷாப்போடது. யார் கைன்னு சொல்ல முடியாது. என்னுதா இருந்தாலும் இருக்கும்."

விக்கிறவர் ஐயாயிரம் பவுண்ட் குறைச்சார். தாத்தா என்னைப் பார்த்தார். ரிட்டயர்மென்ட் பணம் முழுசும் அதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். எங்கப்பா பி.எஃப். பணத்தோட நின்னா என்ன சொல்வேன்? வாயால சொல்ல வரலை. காந்தத்தை மறுபடி அதே இடத்துல வச்சு, அவர் கண் முன்னாடியே கையை எடுத்தேன்.

'டொக்.'

திரும்பும்போது பேச்சே இல்லை. நேரா வீட்டுக்குப் போகாம கெல்வின் வே பக்கம் திருப்பினார். ஷெட்டுகள், லாரிகள். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காம கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் கியரைப் போட்டுக்கிட்டே சொன்னார்:

"அந்தக் காந்தத்தைத் திரும்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டாதே. ஸ்டாஃபோர்டுல இன்னொண்ணு இருக்காம். அடுத்த சனிக்கிழமை ஃப்ரீயா?"